பல கை பட்ட காசு

அம்பத்தூர் தொழிற்பேட்டை டீக்கடையிலோ ஆவடி மார்க்கெட்டிலோ பூந்தமல்லி பேருந்திலோ மீதிச் சில்லறையாகக் கைக்கு வரும் காசுகளுக்குள் எப்போதாவது ஒரு பழைய இரண்டு ரூபாய் கிடக்கும். செம்பும் நிக்கலும் கலந்து, பதினொரு பக்கம் வைத்து, இந்திய வரைபடம் பொறித்து 1990-களில் அடித்த காசு. இன்று அதன் முனைகள் மழுங்கி வட்டமாகவே தெரியும். சிங்கங்களின் முகம் வழித்தெடுத்தாற்போல் சமமாகியிருக்கும். அடித்த ஆண்டைச் சாய்த்துப் பிடித்தால்தான் படிக்கலாம். எழுத்துப் பள்ளத்தில் குங்குமம் ஏறியிருந்தால், திருவேற்காடு கருமாரியம்மன் கோயில் உண்டியல் வழியாகவும் அது வந்திருக்கக்கூடும். கடைக்காரர் திருப்பிக்கூடப் பார்க்காமல் அதைக் கல்லாவில் போடுகிறார். நாணயம் சேர்ப்பவர்கள் இதைச் சீண்டமாட்டார்கள். ஆனால் இலங்கையிலிருந்து வந்து இந்தச் சென்னைப் புறநகரில் குடியேறிய என் போன்றவர்கள் ஊன்றிப் பார்க்க வேண்டிய காசு இதுதான் என்பது என் கட்சி. காசின் தேய்மானம் அழிவல்ல. முன்பின் தெரியாதவர்கள் அதை மறுக்காமல் வாங்கிக்கொண்டதற்கான அத்தாட்சி.

இதற்கு மறுபக்கச் சான்று பத்து ரூபாய் நாணயம். அதைத் தமிழ்நாட்டின் பல ஊர்களில் கடைக்காரர்கள் ஆண்டுக்கணக்காக வாங்க மறுத்தார்கள். காசில் பொறித்த கதிர்க்கோடு பத்து இருந்தால் நல்ல காசு, பதினைந்து இருந்தால் கள்ளக்காசு என்று ஒரு வதந்தி ஓடியது. 14 வடிவங்களில் வந்த பத்து ரூபாய் நாணயங்கள் எல்லாமே செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிக்கை விட்டது. அறிக்கை வந்த பிறகும் தயக்கம் உடனே தீரவில்லை. அரசின் முத்திரை அதில் பளிச்சென்று இருந்தது, சட்டமும் துணை நின்றது. இருந்தும் காசு கைமாறவில்லை. கைமாறாததால் தேயவுமில்லை. பைகளில் முடங்கிய அந்தப் பளபளப்பு, யாரும் ஏற்காததன் அடையாளம். முகம் அழிந்த இரண்டு ரூபாயோ ஒரு கேள்வியும் இல்லாமல் செல்கிறது. காசுக்கு மதிப்பை எழுதிக் கொடுப்பது அரசுதான். அதைச் செல்லவைப்பது தெரு.

சட்டம் தெரிந்தவர்கள் இங்கே குறுக்கிடலாம். 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி, எடை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போய்விட்டால் அது செல்லுபடியாகும் நாணயமல்ல. ஆகவே தேய்மானம் குறைதானே? உலோகத்தின் எடையே விலையாக இருந்த காலத்தில் அது பெருங்குறைதான். புதுக்கோட்டைச் சீமையில் 1898-இல் கிடைத்த 501 ரோமப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் மன்னர் தலைமேல் உளிவெட்டு இருக்கிறது. தேய்ந்து எடை குறைந்த காசு மறுபடி புழங்காமலிருக்கவே வெட்டினார்கள் என்பது ஒரு விளக்கம். ஆனால் பிற்கால ரோமச் செப்புக்காசுகளின் கதை வேறு. கரூர், மதுரைப் பகுதிகளிலும் இலங்கையிலும் அவை ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன, பல எழுத்தே தெரியாத அளவு தேய்ந்தவை. இலங்கையில் அவற்றைப் பார்த்து உள்ளூரிலேயே காசு செய்தும் புழங்கினார்கள். ரோமாபுரியின் ஆணை ஒருநாளும் எட்டாத மண்ணில், யார் முகம் என்று தெரியாத காசை மக்கள் தங்களுக்குள் செல்லவைத்துக்கொண்டார்கள். இன்றும் எந்தப் பெட்டிக்கடையிலும் இரண்டு ரூபாயைத் தராசில் வைப்பதில்லை.

பழைய காசுக்கு லட்சக்கணக்கில் விலை தருகிறோம் என்ற விளம்பரங்களைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. தன் பெயரைச் சொல்லி நடக்கும் அந்த மோசடி குறித்து ரிசர்வ் வங்கியே 2021-இல் எச்சரித்துவிட்டது. சேகரிப்பவர்கள் கை படாத காசுக்கு அதிக விலை கொடுப்பது நியாயம்தான். அவர்கள் தேடுவது அச்சுக்கூடத்தின் வேலைத்திறனை. நான் பேசுவது அச்சுக்கூடத்தை விட்டு வெளியேறிய பிறகு காசுக்கு நேர்ந்ததை. கைப்பேசியைக் காட்டிப் பணம் செலுத்தும் காலத்தில் இந்த ஆராய்ச்சி எதற்கு என்று கேட்டால், அந்தப் பரிமாற்றத்தில் இருப்பது வெறும் கணக்குதான். மூன்றாமவர் தொட்டுப் பார்க்க அதில் ஒன்றும் மிஞ்சுவதில்லை என்பேன்.

இலங்கையிலிருந்து வந்த எங்கள் நிலை பத்து ரூபாய் நாணயத்துக்கு நேர்மாறானது: தெரு ஏற்றது, சட்டம் ஏற்கவில்லை. நாங்கள் விட்டுவந்த நாட்டின் நாணயத்தில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் இருக்கின்றன. 1956-இல் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய பிறகும் தமிழ் எழுத்து காசிலிருந்து நீங்கவில்லை. காசில் இருந்த இடம் கச்சேரி என்ற மாவட்ட அலுவலகத்திலும் மற்ற அரசுக் கந்தோர்களிலும் கிடைக்கவில்லை. இங்கே அன்றாடம் புழங்கும் காசில் இந்தியும் ஆங்கிலமுமே உண்டு. ஆனால் அதைக் கொடுத்து வாங்கும் தெரு முழுக்கத் தமிழ். 1983 இனக்கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்குப் போரூரிலும் வளசரவாக்கத்திலும் வீட்டுக்காரர்கள் வாடகைக்கு வீடு தந்தார்கள், கடைக்காரர்கள் கடன் தந்தார்கள், பள்ளிகள் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டன. சந்தேகப் பார்வையும், எங்களில் சிலரை அடைத்துவைத்த சிறப்பு முகாமும் இருந்தன என்பதை மறைக்க முடியாது. ஆனாலும் தெரு எங்களைச் செல்லவைத்தது.

தெரு ஏற்றால் போதாதா, சட்டம் எதற்கு என்று நல்ல மனதுடனேயே கேட்பவர்கள் உண்டு. போதாது. கால் ரூபாயைக் கடைகள் கைவிட்டு வெகுகாலம் கழித்துத்தான் 2011 ஜூன் 30-உடன் அரசு அதைச் செல்லாததாக்கியது. அந்தக் காசின் விஷயத்தில் தெரு முடிவெடுத்தது, சட்டம் தாமதமாகவேனும் பின்னால் வந்தது. எங்கள் விஷயத்தில் வரவில்லை. 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2019-இல் திருத்திய குடியுரிமைச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றையும் சொன்னது, இலங்கையைச் சொல்லவில்லை. 1987 ஜூலை 1 முதல் இங்கே பிறந்த பிள்ளைக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இல்லாவிட்டால், பிறப்பால் குடியுரிமை கிடையாது. அம்பத்தூரில் பிறந்து, இங்கேயே படித்து, இந்தத் தொழிற்பேட்டைப் பட்டறைகளில் லேத் ஓட்டுகிறவர்களுக்கும் அதே விதிதான். அவர்கள் இன்னும் காவல் நிலையத்தில் வெளிப்பதிவில், அதாவது முகாமுக்கு வெளியே வசிக்கும் அகதிகளுக்கான பதிவில், இருக்கிறார்கள்.