அம்மாவின் பங்கு

உண்பது எளிது, உண்பதைப் பற்றிக் கற்பது அத்துணை எளிதன்று. உணவைப் பற்றிச் சிந்திப்பது தமிழர்க்குப் புதிதுமன்று. திருக்குறளின் 95ஆம் அதிகாரத்திற்கு ‘மருந்து’ என்று பெயர். மூலிகைப் பட்டியலை எதிர்பார்த்து அதைப் புரட்டுபவர் வியப்படைவர். பசியறிந்து, அளவறிந்து உண்பதைப் பற்றியே அதன் பெரும்பகுதி பேசுகிறது. அந்த அளவு என்னும் சொல்லின் பொருளைத் தேடி நான் டில்லிப் பல்கலைக்கழகம் வரை சென்றேன். விடை என் வீட்டு அடுக்களையிலேயே இருந்தது. அதைக் கண்டுகொள்ளத் தாமதித்த கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

மேற்கே சப்தர்ஜங் கல்லறையிலிருந்து கிழக்கே நிஜாமுதீனை நோக்கிச் செல்வது லோதி ரோடு. வடபுறத்தில் பழைய மன்னர்களின் சமாதிகளைத் தன்னுள் அடக்கிய பூங்கா. தென்புறத்தில் அரசு ஊழியர் குடியிருப்பான லோதி காலனி. மத்திய அரசின் அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்த என் தந்தைக்கு அங்கே ஒரு குவார்ட்டர்ஸ் கிடைத்திருந்தது. தமிழ்க் குடும்பங்கள் பல அங்கே வாழ்ந்தன. மாலையில் அந்த வளைவு வாயில்களின் வழியே நடந்தால், எந்த வீட்டில் வத்தக்குழம்பு, எந்த வீட்டில் ராஜ்மா என்பதை மூக்கே சொல்லிவிடும். எங்கள் வீட்டுப் பின்புறத்தில் ஒரு முருங்கை மரமும் உண்டு. டில்லிக் குளிரில் இலையுதிர்த்து, வெயில் வந்ததும் துளிர்க்கும் மரம் அது.

1975ஆம் ஆண்டில் நான் மனையியல் பட்டப்படிப்பில் சேர்ந்து, உணவியலைச் சிறப்புப் பாடமாக எடுத்துக்கொண்டபோது உறவினர் நகைத்தனர். “சமையல் கற்க யுனிவர்சிடி எதற்கு? அம்மா போதாதா?” என்று ஒரு மாமா கேட்டார். எனக்குச் சினம் வந்தது. உயிர்வேதியியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் என்று நான் சுமந்த நூல்களின் எடையை அவர் அறிவாரா என்று எண்ணிக்கொண்டேன். அவர் கேட்டதில் பாதி நியாயம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு ஈராண்டுகள் பிடித்தன.

மனித உணவைப் பற்றிய அறிவின் பெரும்பகுதி விலங்குகளின் உதவியால் வந்தது என்பதே நாங்கள் கற்ற முதற்பாடம். ஜாவாவில் ஐக்மன் என்னும் டச்சு மருத்துவர், தீட்டிய அரிசிச் சோற்றைத் தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தவிடு நீங்காத அரிசியைக் கொடுத்தால் அவை தேறுவதையும் கண்டார். பெரிபெரி என்னும் கொடுநோயின் மருமம் அதிலிருந்துதான் அவிழ்ந்தது. 1929ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நோய் என்பது வெளியிலிருந்து ஒரு கிருமி வருவதால் மட்டும் அன்று, உள்ளே ஒன்று இல்லாமையாலும் வரும் என்பது எத்துணைப் பெரிய உண்மை!

எங்கள் செய்முறை வகுப்பிலும் வெள்ளெலிகள் இருந்தன. பால்குடி மறந்த இளம் எலிகள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கூண்டு, தனிக் கிண்ணம், தனி எண். காலையில் தீவனத்தை நிறுத்து வைப்போம். மறுநாள் மிஞ்சியதையும் சிந்தியதையும் நிறுத்துக் கழிப்போம். இருபத்தெட்டு நாள்கள் இவ்வாறு செய்து, உண்ட புரதத்தில் கிராம் ஒன்றுக்கு எலி எத்தனை கிராம் எடை கூடியது என்று கணக்கிடுவோம். அரிசிப் புரதம் மட்டும் உண்ட எலி சுமாராக வளரும். பருப்புப் புரதம் மட்டும் உண்டதும் அப்படியே. இரண்டையும் கலந்து கொடுத்தாலோ, அது இரண்டையும் விஞ்சி வளரும். அரிசியில் குறையும் லைசின் பருப்பில் மிகுதி. பருப்பில் குறைவது அரிசியில் உண்டு. இட்லிக்கு உளுந்து சேர்த்தவள் எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தாள் என்று நான் வியந்த நாள் அது.

ஆனால் அந்த வியப்பு நீடிக்கவில்லை. அடுத்த வாரத்தில் மெக்காரிசனின் பட்டியல் வந்தது.

நீலகிரியில் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில், 1918ஆம் ஆண்டில், பெரிபெரி ஆய்வைத் தொடங்கியவர் ராபர்ட் மெக்காரிசன். அந்த ஓரறை ஆய்வகமே வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. மெக்காரிசன் இந்தியாவின் பல்வேறு மக்களின் உணவை அப்படியே சமைத்து எலிக் கூட்டங்களுக்கு ஊட்டினார். கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி என்று சீக்கியர் உணவை உண்ட எலிகள் 140 நாள்களில் சராசரி 235 கிராம் எடை அடைந்தன. பட்டாணியர், மராட்டியர், கூர்க்கர், கன்னடர், வங்காளியர் என்று பட்டியல் படிப்படியாக இறங்கி, கடைசிப் படியில் 155 கிராமில் நின்றது. அந்தக் கடைசிப் படியின் பெயர் ‘மதராஸி’.

வகுப்பில் பஞ்சாபித் தோழியர் என்னைத் திரும்பிப் பார்த்தனர். கேலி இல்லை, பரிவுதான். அந்தப் பரிவே என்னைச் சுட்டது. அன்றிரவு உணவு வேளையில் அந்தப் பட்டியலை வீட்டில் ஒப்பித்தேன். அரிசியை மூன்று முறை கழுவுவதும், கஞ்சியை வடித்துக் கொட்டுவதும் தயமின் என்னும் உயிர்ச்சத்தைச் சாக்கடைக்கு அனுப்புவதாகும் என்றும், பால் போதாது, பச்சைக் காய் போதாது என்றும் ஒரு சொற்பொழிவே நிகழ்த்தினேன். தந்தை சிரித்தார். அம்மா மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“ஏண்டி, எலி தின்றதை வைத்தா என் சமையலுக்கு மார்க் போட்டிருக்கிறார்கள்?” என்று மட்டும் கேட்டாள்.

மறுநாளிலிருந்து எங்கள் வீட்டின் உணவுமுறை மாறியது. இரவில் சப்பாத்தி, ஆளுக்கொரு கிண்ணம் தயிர், குளிர்காலத்துச் சிவப்புக் காரட் பச்சையாகத் தட்டில். சாதம் வடிப்பதை விட்டுத் தண்ணீரை அளந்து வைக்கத் தொடங்கினாள் அம்மா. இரு தம்பியரும் நானும் சீக்கிய எலிகளைப் போல் வளரப் போவதாக நான் மகிழ்ந்தேன்.

பிறகு நூலகத்தில் மேலும் படிக்கப் படிக்க, மெக்காரிசனின் பட்டியல் முழுக் கதையன்று என்பது விளங்கலாயிற்று. பழைய சென்னை மாகாணத்தில் பெரிபெரி மிகுந்திருந்தது வடக்கே, ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்ட சர்க்கார் மாவட்டங்களில். புழுங்கலரிசி உண்ட தமிழ்ப் பகுதிகளில் அந்நோய் அரிது. நெல்லை ஊறவைத்து உமியோடு அவிக்கும்போது, தவிட்டிலுள்ள தயமின் அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் முழுதும் போவதில்லை. எங்கள் வேதநூலாக விளங்கிய, 1971ஆம் ஆண்டின் ‘இந்திய உணவுகளின் சத்து மதிப்பு’ என்னும் ஆங்கிலக் கையேட்டில், ஆலைப் பச்சரிசி நூறு கிராமில் தயமின் 0.06 மில்லிகிராம், ஆலைப் புழுங்கலரிசியில் 0.21 மில்லிகிராம் என்று கண்டபோது என் உள்ளம் துள்ளியது. நெல் அவித்த பாட்டியர் உயிர்ச்சத்தின் பெயரை அறியார். ஆயினும் அதைக் காத்தார்கள். இதையும் வீட்டில் சொன்னேன். “அப்படியானால் புழுங்கலரிசி எங்கே கிடைக்கிறதென்று கரோல்பாகில் கேட்டு வா” என்றாள் அம்மா.

இறுதியாண்டில் ஒரு குடும்பத்தின் உணவை மூன்று நாள்கள் நிறுத்து ஆராய்ந்து அறிக்கை தரவேண்டும் என்று பணித்தார்கள். நான் என் வீட்டையே தேர்ந்தெடுத்தேன். சமைக்குமுன் அரிசி, பருப்பு, காய், எண்ணெய், பால் அனைத்தையும் நிறுத்தேன். உழைப்பு மிகாத ஆண் ஓர் அலகு, அத்தகைய பெண் 0.8 அலகு என்று குடும்பத்தை அலகுகளாக்கி வகுத்தேன். கலோரி நிறைவு, புரதம் நிறைவு, இரும்புச்சத்து ஏறக்குறைய நிறைவு. பெருமையோடு அறிக்கையை நீட்டினேன்.

எங்கள் ஆசிரியை அதைப் படித்துவிட்டு ஒரே ஒரு வினா எழுப்பினார்: “இந்த வீட்டில் கடைசியாக உண்பவர் யார்?”

எனக்கு விடை தெரியும். ஆயினும் அதற்கு எண் தெரியாது. மறுபடியும் மூன்று நாள்கள், இம்முறை தட்டுத் தட்டாக நிறுத்தேன். தந்தையும் தம்பியரும் உண்ட பிறகு, நானும் கல்லூரிக்குச் சென்ற பிறகு, அம்மா உண்பது வழக்கம். அவளுடன் இருப்பதற்காகவே விடுப்பு எடுத்தேன். பிற்பகல் இரண்டரை மணிக்கு அவள் தட்டில் விழுந்தவை: பானையின் அடிச்சாதம், குழம்பின் மண்டி, முதல் நாள் மிஞ்சிய காய்ந்த சப்பாத்தி ஒன்று. பொரியல் இல்லை. தயிரும் இல்லை.

“தயிர் எங்கே அம்மா?”

“ஆளுக்கொரு கிண்ணம் என்று நீதானே சொன்னாய்? கார்டுக்கு வருகிற பால் அவ்வளவுதான். நால்வருக்குச் சரியாக இருக்கிறது.”

எங்கள் வீட்டில் ஐவர்.

நான் கொண்டுவந்த சீர்திருத்தத்தின் விலையை யார் செலுத்தினார் என்பது அந்த நொடியில்தான் எனக்குப் புரிந்தது. முன்பு அவளுக்குக் கிடைத்துக்கொண்டிருந்த ஒரு கரண்டி மோரையும் என் படிப்பு பிடுங்கியிருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவள் உண்டது அவள் தேவையின் மூன்றில் இரண்டு பங்கை எட்டவில்லை. இரும்புச்சத்தோ பாதியைக்கூட எட்டவில்லை. கூட்டிப் பார்த்தால் குடும்பம் நிறைவாக உண்டது. ஒவ்வொருவராகப் பிரித்துப் பார்த்தால் அம்மாவின் பங்கைக் காணோம். சராசரி என்னும் திரைக்குப் பின்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

ஆய்வுக்கூடத்து எலிக்குத் தனிக் கிண்ணம் உண்டு. அது என்ன உண்டது, என்ன சிந்தியது என்று கேட்க ஆள் உண்டு. மெக்காரிசனின் கடைசிப் படியில் நின்ற மதராஸி எலிக்கும் அந்த உரிமை இருந்தது. என் அம்மாவுக்கு மட்டும் கிண்ணமும் இல்லை, கேட்பாரும் இல்லை. உணவியல் பயின்ற மகளே கேட்கவில்லை.

அவளை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். பெண்களுக்குக் குறைந்தது 12 கிராம் இருக்கவேண்டிய ஹீமோகுளோபின் அவளுக்கு 8 கிராம். மாடிப்படியில் மூச்சிரைப்பதை வயதின் மேல் போட்டிருந்தாள். அப்போது அவளுக்கு வயது நாற்பத்து நான்கு. மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். முருங்கைக் கீரையும், இரும்பை உடல் ஏற்க உதவும் எலுமிச்சையும் நெல்லிக்காயும் நான் சேர்த்தேன். சாப்பிட்டவுடன் குடிக்கும் காப்பி இரும்பை உடலில் சேரவிடாது என்று விளக்கியபோதுதான் அவள் முகம் வாடியது. அவளுக்கென்று இருந்த ஒரே இன்பம் அது. காப்பியை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுவது என்று இருவரும் உடன்பாட்டுக்கு வந்தோம்.

ஆனால் உண்மையான மருந்து வேறு. அதைச் செய்தவர் என் தந்தை. அறிக்கையின் இரண்டாம் படியை வாங்கிப் படித்தவர், நெடுநேரம் பேசாமல் இருந்தார். அன்றிரவு ஐந்து தட்டுகளையும் தாமே எடுத்து வைத்தார். “இனி எல்லோரும் ஒன்றாக உட்காருவோம். வேண்டியதை எடுத்துப் போட்டுக்கொள்ளக் கை இருக்கிறது” என்றார். அம்மா முதல் வாரம் கூச்சத்தோடு உட்கார்ந்தாள், இடையிடையே எழுந்தாள். நாளடைவில் பழகிற்று. ஆறு மாதங்களில் ஹீமோகுளோபின் 11 கிராமைத் தாண்டியது. தயிர்க் கிண்ணம் ஐந்தாயிற்று. ஒவ்வொன்றிலும் அளவு சிறிது குறைந்தது. தம்பியர் அதனால் இளைத்துவிடவில்லை.

அக்காலத்தில் உலகெங்கும் வறிய நாடுகளின் குறை புரதப் பஞ்சமே என்னும் கருத்து ஓங்கியிருந்தது. விலையுயர்ந்த புரத மாவுகளைப் பற்றிப் பேச்சு மிகுந்திருந்தது. நம் ஏழைக் குழந்தைகளுக்கு முதற்குறை புரதமன்று, வயிறு நிறையாமையே என்று ஆய்வின் துணையோடு எடுத்துரைத்தவர்களுள் முதன்மையானவர், 1918இல் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன். ஐதராபாத் நிறுவனத்தின் இயக்குநராகவும், பின்னர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநராகவும் விளங்கியவர். 1980இல் இதே டில்லியில் இந்திய ஊட்டச்சத்து அறக்கட்டளையை நிறுவியவர். நூறாண்டு நிறைவாழ்வு வாழ்ந்து 2019இல் மறைந்தார். வீட்டில் வழக்கமாகச் சமைக்கும் சோறும் பருப்புமே போதிய அளவு கிடைத்தால் குழந்தை வளரும் என்னும் அவர் கருத்தை நான் படிக்கும்போதெல்லாம், போதிய அளவு என்னும் சொற்களில் என் கண் நிலைத்துவிடும். யாருக்குப் போதிய அளவு? யார் அளந்தது?

அரை நூற்றாண்டு ஆகப்போகிறது. 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள் என்று கூறுகிறது. இதற்குக் காரணங்கள் பல. வறுமை, குடற்புழு, அடுத்தடுத்த பேறுகாலம், கீரையும் கனியும் எட்டாமை என்று அடுக்கலாம். அவற்றைப் போக்க அரசும் அறிவியலும் வேண்டும். ஆனால் கடைசித் தட்டு என்னும் காரணத்தைப் போக்க எந்தத் திட்டமும் வேண்டியதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் எழுந்து தட்டுகளை எண்ணினால் போதும்.

அம்மா இன்று இல்லை. எண்பதைக் கடந்து வாழ்ந்து, லோதி காலனியை விட்டு வந்த பின்னும் அந்த முருங்கை மரத்தைப் பற்றி விசாரித்துக்கொண்டே இருந்தாள். என்னிடம் பயிற்சிக்கு வந்த மாணவியர் கணக்கெடுப்புத் தாளை நிரப்பிக் கொண்டுவந்தபோதெல்லாம், கூட்டலையும் வகுத்தலையும் பார்க்குமுன் நான் அந்த ஒரு வினாவைத்தான் கேட்டு வந்தேன். அவர்களுட் பலர் சற்றுத் தயங்கி, தலை குனிந்து, மெல்லிய குரலில் ஒரே விடையைத்தான் சொன்னார்கள்.