மெல்லிசுத் தகரத்துக்கு முறுக்குக் கம்பி

நடவுக்கு இன்னும் நாலு நாள்தான், சேறடிக்கணும். அந்த நேரம் பார்த்து பவர் டில்லர் மட்கார்டு கிழிஞ்சு தொங்குது. நானே ஒட்டிடலாம்னு வீட்டு வெல்டிங் மெஷினில் 2.5 மி.மீ. ராடை வைத்தேன். விரல் நுழையுற ஓட்டை உள்ளங்கை அளவு ஆயிடுச்சு.

அண்ணன் மகன் ஐ.டி.ஐ. படிக்கிறான். முதல்லயே வேண்டாம்னு சொன்னான், நான்தான் கேட்கலை. "தகரம் ஒரு மில்லி, ராடு ரெண்டரை மில்லி. ராடு உருகுறதுக்குள்ள தகரம் ஓடிடும் சித்தப்பா" என்று சொல்லி, கேஸ் வெல்டிங் இருக்கிற நண்பன் பட்டறைக்குக் கூட்டிப் போனான்.

அங்கே செம்பு பூசின 0.8 மி.மீ. மிக் கம்பிச் சுருள் இருந்தது. ரெண்டு பாகம் நீளம் வெட்டி, தின்னர் துணியால் துடைத்துக் காயவிட்டான். முறுக்கின பிறகு துடைத்தால் இடுக்கு அழுக்கு போகாதாம். நடுவில் மடித்து, இரண்டு முனையையும் வைஸில் இறுக்கி, மடிப்பை டிரில்லில் மாட்டின கொக்கியில் கோர்த்து மெதுவா சுத்தினான். அப்படியே கயிறு திரிக்கிற மாதிரி! சுருட்டல் போய் நேரா நின்னுது கம்பி. பிடிக்கிற முனையை மட்டும் வளைத்து விட்டான், யார் கண்ணிலும் குத்தாமல் இருக்க.

மட்கார்டில் பெயிண்டைச் சுரண்டி, அதே கனத்தில் ஒட்டுத் தகரம் வைத்து, இந்தக் கம்பியால் பத்த வைத்தோம். ஒரு இடம்கூட ஓட்டை விழலை. மறுநாள் டில்லர் வயலில் இறங்கியது.

நாப்பது வருஷமா மாட்டுக்குக் கயிறு திரிச்ச கை இது. கம்பியையும் அப்படித் திரிக்கலாம்னு சொல்லித்தர ஒரு சின்னப் பையன் வேண்டியிருந்தது.