ராகி உருண்டையோடு காவிரிக்கு

மத்தூர் பக்கம் மூன்று ஏக்கர் வைத்திருக்கும் அந்த விவசாயிக்கு வயது 62. ஒன்றரை ஏக்கரில் மாந்தோப்பு, மீதியில் ராகியும் அவரையும், கொட்டகையில் இரண்டு கறவை மாடுகள். மகனுக்கு ஓசூரில் தொழிற்சாலை வேலை, ஷிப்ட் மாறி மாறி வரும். போன தீபாவளிக்கு வந்த மகன், "தோப்பை மனை போடக் கேக்குறாங்கப்பா, குடுத்துடலாமா?" என்று ஆரம்பித்தான். பேச்சு தடித்துப் போனது. அதற்குப் பிறகு போனில், "சாப்பிட்டியா?", "மாடு நல்லா இருக்கா?" என்பதோடு சரி.

அறுந்த பேச்சை ஒட்ட வைத்தது ஒரு மீன்தான். பொங்கலுக்கு வந்திருந்த பேரன் செல்போனில் ஒரு படத்தைக் காட்டி, "தாத்தா, காவிரியில இவ்ளோ பெரிய மீன் இருக்காமே?" என்று கேட்டான். பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது. பத்து வயதில் தாய்மாமனோடு ஒகேனக்கல் போன கதையைச் சொன்னார். ராகி மாவைக் கெட்டியாகக் கிளறி, எலுமிச்சை அளவு உருட்டி, உள்ளே தூண்டில் முள்ளை மறைத்து மாமன் ஆற்றில் போட்டதும், விடியும் நேரத்தில் மாசீர் ஒன்று சிக்கியதும், மாமன் அதைத் தோளில் போட்டபோது வால் முழங்காலுக்குக் கீழே தொங்கியதும் அவருக்கு நேற்று நடந்தது போல நினைவிருந்தது.

"எனக்கும் அப்படி ஒண்ணு பிடிச்சுத் தருவியா தாத்தா?"

"தர்றேன் சாமி."

இப்படித்தான் பயணத் திட்டம் தொடங்கியது. மகனுக்கு அந்த வாரக் கடைசியில் இரண்டு நாள் லீவு இருந்தது. காணும் பொங்கல் கூட்டம் வேண்டாம், சனிக்கிழமை போகலாம் என்று முடிவானது. போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம், தர்மபுரி, பென்னாகரம் என்று வழியை மகன் குறித்துக்கொண்டான். மா பூவெடுக்கும் நேரம் என்பதால் பெரியவரால் ஒரு நாளுக்கு மேல் தோப்பை விட்டு வர முடியாது. அன்றைக்குப் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றுவதைப் பக்கத்து வீட்டுக்காரர் ஏற்றுக்கொண்டார். பெரியவர் பரணிலிருந்து பழைய முள்ளையும் தக்கையையும் எடுத்தார். மகன் புது நரம்பு வாங்கி வந்தான். தீபாவளிக்குப் பிறகு இருவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து முடிச்சுப் போட்டது அன்றைக்குத்தான்.

ஆற்றில் தண்ணீர் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள, ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டும் பழைய பழக்கக்காரரைப் பெரியவர் போனில் பிடித்தார். பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அளக்கும் நீர்வரத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஒகேனக்கல் கிளம்ப வேண்டும். வரத்து கூடினால் குளிக்கவும் பரிசலுக்கும் தடை போட்டுவிடுவார்கள். "தண்ணி கம்மிதான், தாராளமா வாங்கண்ணே" என்ற பரிசல்காரர், தூண்டில் என்றதும் குரலை மாற்றினார்.

"மேல காட்டுப் பக்கம் முள்ளு எடுத்துக்கிட்டுப் போகாதீங்கண்ணே. அது இப்ப சரணாலயம். நீங்க சொல்ற மீனும் முன்ன மாதிரி இல்ல."

அவர் சொன்னது சரிதான். கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டர் காடு 2022 நவம்பரில் காவிரி தெற்கு வனஉயிரின சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1972-ம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் அங்கே செல்லும். கர்நாடகக் கரையில் பீமேஸ்வரி, காலிபோர் முகாம்களில் மாசீரைத் தூண்டிலில் பிடித்து, எடை பார்த்து, திரும்ப ஆற்றில் விடும் வழக்கம் பல ஆண்டுகள் இருந்தது. சரணாலயத்துக்குள் அதையும் நிறுத்திவிட்டார்கள்.

முதுகில் திமில் போல மேடு உள்ள மாசீர் உலகத்திலேயே காவிரியிலும் அதன் கிளை ஆறுகளிலும் மட்டும்தான் உண்டு. 1946-ல் கபினியில் வான் இங்கன் என்பவர் பிடித்த மாசீர் 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ. அந்தத் திமில் மாசீர் 2018-ல், அற்றுப்போகும் விளிம்பில் இருக்கும் இனங்களின் உலகப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அணைகள், மணல் அள்ளுதல், வெடி வைத்துப் பிடித்தல் எல்லாமே இதற்குக் காரணம். இன்னொரு காரணம் நல்லெண்ணத்தில் செய்தது. மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் குஞ்சு பொரித்த நீலத்துடுப்பு மாசீரை 1970-களிலிருந்து காவிரியில் விட்டார்கள். அது பெருகப் பெருக, சொந்தக்கார மீன் குறைந்துபோனது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். தூண்டில்காரர்கள் தேடிப் போகும் சிறுவாய் பாஸ் என்ற மீன் 2022-ல் கொலராடோ ஆற்றில் கிளென் கேன்யன் அணைக்குக் கீழே குஞ்சு பொரித்திருப்பது தெரிந்ததும், அங்கே வாழும் இன்னொரு திமில் மீனுக்கு ஆபத்து என்று பதறினார்கள். நம் பண்ணைக்குட்டையில் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியை விட்டு, மழையில் குட்டை வழிந்து ஓடினால் நாமும் அதே தவறைத்தான் செய்கிறோம்.

"ஒரே ஒரு மீனுப்பா. பிடிச்சுக் காட்டிட்டு விட்டுடலாம். பையன் ஆசைப்படுறான்" என்றான் மகன்.

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். மாமன் மீன் பிடித்தது ஆடி மாதம். புது வெள்ளத்தில் மாசீர் எதிர்நீச்சல் போட்டு மேலேறி, கூழாங்கல் படுகையில் முட்டையிடும் காலம் அது. வீட்டில் மீனை அறுத்தபோது வயிறு முழுக்கச் சினை இருந்தது.

"அன்னைக்கு எனக்குத் தெரியல. விதை ராகியை எடுத்துக் களி கிண்டித் தின்ன மாதிரிதான் அது. திரும்ப அதையே செய்யக் கூடாது."

மகன் பதில் சொல்லவில்லை. நரம்பைச் சுற்றி எடுத்து வைத்தான்.

ஆனாலும் சனிக்கிழமை விடிவதற்குள் கிளம்பினார்கள். பாட்டி கிளறிக் கொடுத்த ராகி உருண்டைகள் தூக்குவாளியில் இருந்தன. உயிர்காப்பு உடை மாட்டிக்கொண்டு பரிசலில் போனார்கள். பேரன் உருண்டையைக் கிள்ளிக் கிள்ளித் தண்ணீரில் போட்டான். கீழே ஏதோ பளிச்சென்று புரண்டது. "மாசீரா தாத்தா?" என்றான். "இருக்கலாம் சாமி. அது அங்கயே இருக்கட்டும்" என்றார் பெரியவர். மதியம் கரையில் மீன் வாங்கிக் கொடுத்துச் சமைக்கச் சொல்லி, மூவரும் வயிறாரச் சாப்பிட்டார்கள்.

கொடுத்த வாக்கும் வீண் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை பாரூர் ஏரியில் குத்தகைக்காரரிடம் கேட்டு, கரையில் உட்கார்ந்து மண்புழு கோத்துப் போட்டார்கள். பேரனுக்கு நான்கு ஜிலேபிக் கெண்டை கிடைத்தது. அந்த ஏரிக்கு நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து வருவது தென்பெண்ணைத் தண்ணீர். அதே ஆறு ஓசூரைத் தாண்டித்தான் இங்கே வருகிறது.

"கெலவரப்பள்ளியில நுரை பொங்குறப்பல்லாம் நம்ம ஏரிதான்பா ஞாபகம் வருது" என்றான் மகன். பெங்களூருக் கழிவு கலந்து அணையில் மலை மாதிரி நுரை எழுவதைப் பலமுறை பார்த்தவன் அவன்.

சாயங்காலம் பஸ் ஏறப் போகும்போது, தோப்புப் பக்கம் திரும்பிப் பார்த்துக் கேட்டான்: "பூவுக்குத் தத்துப்பூச்சி மருந்து எப்பப்பா அடிக்கணும்?"

"வர்ற ஞாயிறு."

"ஷிப்ட் மாத்திக்கிட்டு வர்றேன். நீங்க தனியா டேங்கு தூக்காதீங்க."

மனைக்காரர்களைப் பற்றி அன்று இருவருமே பேசவில்லை.