கதை எங்கே நின்றது?

மதுரையில் நண்பர் ஒருவரின் டுடோரியல் மாடியில், மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, ஏழெட்டுப் பேர் கூடிக் கதை வாசிப்போம். ஆரம்பத்தில் விதி என்று எதுவும் இல்லை. எழுதியவர் வாசிப்பார், மற்றவர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்வோம், பிறகு டீ.

அப்படியொரு ஞாயிறு, தபால் துறையில் ஓய்வுபெற்ற ஒரு அம்மா தன் முதல் கதையை வாசித்தார். இறந்துபோன கணவர் பெயருக்கு வரும் கடிதங்களைப் பிரிக்காமல் அடுக்கிவைக்கும் ஒருத்தியின் கதை. முடித்ததும் நான்தான் முதலில் வாயைத் திறந்தேன். "இது கதையே இல்லைங்க, டைரிக் குறிப்பு." யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அடுத்த மாதம் அவர் வரவில்லை. அதற்கடுத்த மாதமும்.

விமர்சனம் என்றால் அப்படித்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். நமக்கு நக்கீரர் கதை பழக்கம். குற்றம் கண்டவர்தான் அதில் நாயகர். பாட்டைக் கொண்டுவந்த தருமி சபையில் எப்படிக் கூனிக்குறுகி நின்றான் என்று யாரும் அதிகம் யோசிப்பதில்லை.

மூன்றாம் மாதம் அவர் வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்துவிட்டுச் சொன்னார்: "நீங்க சொன்னது சரியாத்தான் இருக்கும் சார். ஆனா எந்த இடத்துல கதையாகாமப் போச்சுன்னு சொல்லலையே. சொல்லியிருந்தா திருத்தியிருப்பேன்ல."

என்னிடம் பதில் இல்லை. உண்மையில் நான் ஒழுங்காகக் கேட்கவே இல்லை. என்ன சொல்லி அசத்தலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகுதான் விதிகள் வந்தன. கதை ஐந்து நாள் முன்பே எல்லார் கைக்கும் வந்துவிட வேண்டும். பேசுகிறவர், தான் வாசித்தது என்ன கதை என்று முதலில் இரண்டு வரியில் சொல்ல வேண்டும். எழுதியவர் நினைத்த கதை வேறாக இருந்தால், பாதிச் சிக்கல் அங்கேயே தெரிந்துவிடும். பிறகு, எந்தப் பத்தியில் கவனம் விலகியது என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். 'நானா இருந்தா இப்படி எழுதியிருப்பேன்' கிடையாது. 'இது உங்க சொந்த அனுபவமா?' கிடையாது.

தன் கதை பேசப்படும்போது எழுதியவர் வாய் திறக்கக்கூடாது என்பது, 1936இல் தொடங்கிய அமெரிக்காவின் அயோவா பட்டறையோடு சேர்த்துப் பேசப்படும் வழக்கம். அதையும் எடுத்துக்கொண்டோம், ஒரு மாற்றத்தோடு. கடைசிப் பத்து நிமிடம் எழுதியவருடையது. விளக்கம் சொல்வதற்கு அல்ல, கேள்வி கேட்பதற்கு.

அவர் திரும்பி வந்தார், அதே கதையோடு. என் முறை வந்தபோது, கடிதங்களை ஏன் பிரிக்கவில்லை என்று அவளே சொல்லிவிடும் இடத்தில் எனக்குக் கதை நின்றுவிட்டது என்றேன். பென்சிலால் அந்த நாலு வரியைச் சுற்றி வட்டம் போட்டுக்கொண்டார். கடைசிப் பத்து நிமிடத்தில் கேட்டார்: "இதை எடுத்துட்டா, அவ ஏன் பிரிக்கலைன்னு உங்களுக்குப் புரியுமா சார்?"

அந்த வரிகளை விட்டுவிட்டு முதலிலிருந்து மறுபடி வாசித்துப் பார்த்தேன். புரிந்தது.