சோனகதெருவும் எங்கள் வீட்டுக் கதவும்

சாட்டியிலிருந்து நகருக்குச் செல்வோர் பண்ணைப் பாலத்தைக் கடந்ததும் கடைத்தெருவுக்கே விரைவர். எனது கால்களோ இளமையிலிருந்தே வடமேற்கே திரும்பி, ஐந்துசந்தி வழியாகச் சோனகதெருவுக்குப் போய்ப் பழகியவை.

நல்லூரை அண்டிய சோனகன் தோப்பில் வாழ்ந்தவர்களே பின்னர் நாவாந்துறைக்கு அருகே குடியேறினர் என்பது மரபு. மதிலோடு மதில் ஒட்டிய வீடுகள், குறுகிய ஒழுங்கைகள், பள்ளிவாசல்கள், ஒஸ்மானியா கல்லூரி என அமைந்த குடியிருப்பு அது. தையற்காரரும் இரும்பு வணிகரும் இறைச்சிக் கடைக்காரரும் அங்கு வாழ்ந்தனர். இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிமான ஏ. எம். ஏ. அஸீஸ் 1911இல் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் பயின்றவர். சைவப் பள்ளியில் முஸ்லிம் சிறுவன் படித்ததை அந்நாளில் எவரும் வியப்பாகக் கொள்ளவில்லை.

1990 ஆகஸ்டில் இராணுவம் தீவகத்தில் இறங்கியபோது நாங்கள் உடுத்த உடையோடு நகருக்கு ஓடிவந்தோம். சோனகதெருவில் எனக்கு அறிமுகமான தையற்காரர் ஒருவர் ஐந்து நாள்கள் எங்களைத் தம் வீட்டில் வைத்திருந்தார். தமது கட்டிலை என் தாயாருக்குக் கொடுத்துவிட்டுத் திண்ணையில் படுத்தார்.

அவ்வாண்டு ஒக்டோபர் 30ஆம் நாள், இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறுமாறு விடுதலைப் புலிகள் அத்தெரு மக்களுக்குக் கட்டளையிட்டனர். ஒலிபெருக்கி கேட்டு ஜின்னா மைதானத்தில் கூடியவர்களின் நகையும் பணமும் பறிக்கப்பட்டன. வடமாகாணம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் துரத்தப்பட்டனர்; பெரும்பாலோர் புத்தளத்தில் அகதிகளாயினர். நான் செய்தியாளன். அன்றிரவு நான் எழுதிய செய்திகளில் அவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அஞ்சினேன் என்பது உண்மை. ஆனால் வீட்டில் எம்மவரிடங்கூட நான் அதைப் பேசவில்லை. அதற்கு அச்சம் காரணமன்று.

வெற்று வீடுகளின் கதவுகளும் நிலைகளும் கழற்றி விற்கப்பட்டன. அடுத்த ஆண்டு என் உறவினர் ஒருவர் மலிவாக ஒரு தேக்கங்கதவு வாங்கினார். எங்கிருந்து வந்ததென்று நாங்கள் கேட்கவில்லை, தெரிந்திருந்தமையாற் கேட்கவில்லை. ஊர் திரும்பியபின் சாட்டி வீட்டுக்கு அதுவே தலைவாசற் கதவாயிற்று.

2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் மாநாட்டில், அவ்வெளியேற்றம் அரசியல் தவறென்று அன்ரன் பாலசிங்கம் ஒப்புக்கொண்டார். போர் முடிந்த 2009க்குப் பின் சில குடும்பங்கள் திரும்பின. தையற்காரர் புத்தளத்திலேயே காலமாகிவிட்டார். கூரையற்ற வீட்டின் முன் நின்ற அவருடைய மகனிடம் கதவைப் பற்றிச் சொன்னேன்.

“எங்கட கதவு வேம்பு, ஐயா. அது வேறை ஆற்றையோ,” என்றார்.

மன்னிப்பைக்கூட உரியவரிடம் கேட்க இயலாத நிலை எனது. கதவு இன்றும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. மேற்சட்டத்தில் சிறு பிறையொன்று செதுக்கப்பட்டுள்ளது. அடையாளங் கண்டு எவரேனும் வந்தால், அன்றே கழற்றிக் கொடுப்பேன்.