நான்சி சொன்னதில் எது பொய்?

எங்கள் துறையில் விமர்சனம் எழுதப் பழக்கும் தாள் ஒன்று உண்டு. மோசமான படத்தை எப்படிக் கிழிப்பது என்று காட்டுவதற்காக ஒருநாள் ‘ஐம்பது அடிப் பெண்ணின் தாக்குதல்’ படத்தைப் போட்டேன். பல வருடங்களுக்கு முன் அதைப் பற்றி ஒரு சிற்றிதழில் நானே ஒரு பக்கம் எழுதியிருந்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை கேலி. அதையும் படியெடுத்து மாணவிகளிடம் கொடுத்திருந்தேன்.

கேலிக்குப் பஞ்சமில்லாத படம்தான். 1958இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். ஒரு லட்சம் டாலரைக்கூடத் தொடாத செலவு. நேதன் ஜுரான் இயக்கினார், ஆனால் டைட்டிலில் நேதன் ஹெர்ட்ஸ் என்றுதான் வருகிறது. இரண்டு காட்சிகளை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றியிருப்பதால் ராட்சதர்களின் உடம்பு வழியே பின்னாலிருக்கும் வீடும் மலையும் தெரிகின்றன. கதாநாயகி வளர்ந்துவிட்டதைக் காட்ட முதலில் ஒரு பெரிய பொம்மைக் கை மட்டும் வருகிறது. ரெனால்ட் பிரவுன் வரைந்த போஸ்டரில் நெடுஞ்சாலையின் இருபுறமும் கால் வைத்து, கையில் காரோடு நிற்கிறாள். படத்தில் அப்படியொரு காட்சியே இல்லை. அந்தக் காலத்து மலிவுப் படங்களில் போஸ்டருக்கும் படத்துக்கும் இப்படித்தான் உறவு. அடுத்த வருடம் ரோஜர் கோர்மன் எடுத்த ‘குளவிப் பெண்’ போஸ்டரில் குளவி உடம்புக்குப் பெண் தலை. படத்தில் பெண் உடம்புக்குக் குளவித் தலை.

வகுப்பு முழுக்கச் சிரிப்பு. நானும்தான் சிரித்தேன். படம் முடிந்து விளக்கைப் போட்டதும் ஒரு மாணவி கேட்டாள்: “மேம், படம் பூரா அந்தம்மாவ லூசுங்கறாங்க. அவங்க சொன்னதுல எது பொய்?”

யோசித்துப் பார்த்தேன். எதுவுமே பொய் இல்லை.

நான்சி ஆர்ச்சர் பெரும் பணக்காரி. மனநல விடுதியில் இருந்துவிட்டு வந்தவள், குடிப்பவள். பாலைவனச் சாலையில் ஒளிரும் உருண்டையைப் பார்த்தேன், ராட்சதனைப் பார்த்தேன் என்கிறாள். இரண்டும் உண்மை. கணவன் ஹாரிக்கு ஹனி என்ற பெண்ணோடு தொடர்பு என்கிறாள். ஊருக்கே தெரிந்த உண்மை அது. தேடிப் போவோம், எதுவும் கிடைக்காவிட்டால் நானே திரும்ப விடுதிக்குப் போகிறேன் என்று கணவனிடம் பேரம் பேசுகிறாள். தான் கண்ணால் கண்டதை நிரூபிக்கத் தன் சுதந்திரத்தையே பணயம் வைக்கிறாள். உருண்டையும் கிடைக்கிறது. ராட்சதன் வந்ததும் ஹாரி நாலு குண்டு சுட்டுவிட்டு அவளைப் போட்டுவிட்டு ஓடிவிடுகிறான். பிறகு, மயக்க மருந்தைக் கூடுதலாக ஏற்றி அவளைத் தீர்த்துக்கட்ட ராத்திரியில் ஊசியோடு அறைக்குள் நுழைகிறான்.

இதற்கிடையில் மருத்துவர் ஒருவர், பெண்கள் முதிர்ச்சி அடையும் வயதில் இயற்கையே அவர்களின் ஏமாற்றத்தைப் புத்தி பேதலிப்பாக மாற்றிவிடுகிறது என்று விளக்கம் சொல்கிறார். நான்சியாக நடித்த அலிசன் ஹேய்ஸுக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை. என் விமர்சனத்தில் பொம்மைக் கைக்கு ஆறு வரி ஒதுக்கியிருக்கிறேன். இந்த மருத்துவருக்கு ஒரு வரிகூட இல்லை.

இது பெண்ணியப் படம் என்று இப்போது தலைகீழாக அடித்துப் பேசவும் எனக்கு மனமில்லை. படுக்கை விரிப்பைச் சுற்றிக்கொண்டு நடப்பவள்மீது கேமராவுக்கு இருக்கும் ஆசை ஒளிந்திருக்கவில்லை. சங்கிலியை அறுத்துக்கொண்டு, கூரையைப் பிய்த்துக்கொண்டு கிளம்புகிறவள் முதலில் கொல்வது ஹனியைத்தான். ஐம்பது அடி வளர்ந்த பிறகும் வாயில் வருவது ‘ஹாரி, ஹாரி’ மட்டுமே. விடுதிக்கு அனுப்பத் துடித்தவர்களை அவள் தேடிப் போகவில்லை. எனக்கு அங்கேதான் வலித்தது. ஷெரீப் சுட, பக்கத்திலிருந்த மின்மாற்றி வெடித்து அவள் சாகிறாள். ஹாரியின் பிணம் அவள் கையில் கிடக்கிறது. ஒருவழியாக அவனைத் தனக்கே ஆக்கிக்கொண்டாள் என்கிற மாதிரி ஒரு மருத்துவர் வசனம் பேசப் படம் முடிகிறது. கடைசி வார்த்தையும் மருத்துவருக்குத்தான்.

வகுப்பு முடிந்த பிறகுதான் ஹேய்ஸைப் பற்றித் தேடிப் படித்தேன். உடம்புக்கு நல்லதென்று எலும்புத்தூளில் செய்த கால்சியம் சத்துமருந்தைச் சாப்பிட்டு வந்திருக்கிறார். உடம்பெல்லாம் வலி, கைத்தடி இல்லாமல் நடக்க முடியவில்லை. மருத்துவர்களால் காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை. உலோக நஞ்சு பற்றி ஒரு புத்தகத்தில் படித்துவிட்டு அவரே சந்தேகப்பட்டு அந்த மருந்தைச் சோதனைக்குக் கொடுத்தார். அதில் ஈயம் மிக அதிகமாக இருந்தது. அதைத் தடைசெய்யச் சொல்லி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்துக்கு எழுதிப் போராடினார். 1977இல் ரத்தப் புற்றுநோயில் இறந்தபோது அவருக்கு வயது 46.

அந்த மாணவியின் விமர்சனத்துக்கு வகுப்பிலேயே அதிக மதிப்பெண் போட்டேன். என்னுடையதை மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன். பொம்மைக் கை இரண்டு வரியாகச் சுருங்கிவிட்டது. உடம்பு வழியே மலை தெரிகிறது என்ற வரியை எடுக்கவில்லை. அது மோசமான வேலைதான்.