ஒரு மில்லிமீட்டர் ஓட்டை

நிப்பில் அந்தச் சின்ன ஓட்டை எதுக்கு என்று கேட்டால், 'காற்று போக' என்பார்கள். பாதி உண்மை. எழுதும்போது அழுத்தினால் நடுப் பிளவு விரிசலாக மேலே ஏறாமல் அங்கேயே நிற்கணும். ஓட்டையின் பெரிய வேலை அதுதான் என்பது என் கட்சி.

தொரப்பள்ளி வீட்டில், 0.3 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டில் அதைப் போடுகிறேன். முதலில் பஞ்சால் ஒரு புள்ளி, இல்லையென்றால் ட்ரில் பிட் வழுக்கி ஓடும். அப்புறம் மெதுவான சுற்று, ஒரு சொட்டு எண்ணெய், விடாத அழுத்தம். பயந்து லேசாகத் தொட்டீங்கன்னா அவ்வளவுதான்: பிட் வெட்டாமல் தேய்க்கும், தேய்ந்த இடம் இன்னும் கெட்டியாகும், பிறகு பிட் இறங்காது. ஓட்டைக்குப் பிறகுதான் வளைப்பு. பிளவு கடைசி.

டைட்டன் கடிகாரம் செய்கிற ஓசூர் பக்கத்திலேயே இருக்க, இதென்னடா வேலை என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். நான் சாத்தூரைச் சொல்வேன். காராச்சேவுக்குப் பேர்போன அந்த ஊர் ஒரு காலத்தில் பேனா நிப்புக்கும் பேர்போனது. பால்பாயின்ட் வந்தது, பட்டறைகள் அடங்கின. அந்த விரல்களுக்குத் தெரிந்ததை இப்போ யாரிடம் போய்க் கேட்பது?

நேற்று முடித்த நிப்பில் அம்மா பால் கணக்கு எழுதுகிறார். காகிதத்தை லேசாகக் கீறுதாம். முனையை இன்னும் தேய்க்கணும்.